முகத்தின் மேல் வேறொருவர் பெயர்

'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் பழைய அத்தியாயங்களைக் (1966-1969) கடைசி நொடிவரை பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கதை முடிந்தபின் பெயர் அட்டைகள் வரும்போது, பின்னணியில் தொடரின் பல காட்சிகள் அசையாப் படங்களாக மாறி மாறி வரும். அவற்றில் ஒன்று ஒரு முகம். புடைத்த மண்டை, சரிந்த பெரிய கண்கள், கீழ்நோக்கி வளைந்த வாய். பேலோக் என்கிற வேற்றுக்கிரகவாசியின் முகம் அது. அதன்மேல் ஒரு நிர்வாகியின் பெயர் அச்சாகி நிற்கிறது. முகத்தைச் செய்தவர் வா மிங் சாங். அவர் பெயர் அந்த அட்டையில் இல்லை, அடுத்ததில் இல்லை, 79 அத்தியாயங்களில் எதிலுமே இல்லை.

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் ரொலாண்ட் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' (1967) கட்டுரையை நாங்கள் ஒரு நாலைந்து பேர் ஏதோ விடுதலைப் பிரகடனத்தைப் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தோம். பிரதிதான் உண்டு, ஆசிரியன் இல்லை. வாசகன் பிறக்க வேண்டுமானால் ஆசிரியன் சாக வேண்டும். புலவர் வரலாற்றையும் காலத்தையும் வைத்துக்கொண்டு எங்களை இரண்டு வருஷம் வறுத்தெடுத்த பாடத்திட்டத்துக்கு எதிராக அது எங்களுக்கு வேண்டியிருந்தது. இப்போதும் அந்தக் கட்டுரையின் மீது எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் பேலோக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சங்கடம் வந்து சேர்கிறது. ஆசிரியன் என்கிற பட்டம் சூட்டப்பட்டவனைத்தானே பார்த் கொல்கிறார். அந்தப் பட்டத்தின் வாசல்வரைகூட வர விடப்படாத ஒருவரை வைத்துக்கொண்டு அந்தக் கோட்பாடு என்ன செய்யும்? மிஷல் ஃபூக்கோ 1969-இல் 'ஆசிரியன் என்பது என்ன?' என்று கேட்டபோது ஓரளவு இதற்கு அருகில் வந்தார். எந்தச் சொல்லாடலுக்கு ஆசிரியன் பெயர் தேவைப்படுகிறது, எதற்குத் தேவைப்படுவதில்லை என்று பிரித்துப் பார்த்தார். கடிதத்துக்குக் கையொப்பமிடுபவர் உண்டு, ஒப்பந்தத்துக்குப் பொறுப்பாளர் உண்டு, ஆனால் ஆசிரியன் இல்லை என்றார். ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் எதிர்காலத்தைச் செய்தவரைப் பற்றி அவர் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, நமக்கு இருக்கிறது.

சாங் 1917 ஆகஸ்ட் 2 அன்று ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலுவில் பிறந்தவர். சீன அமெரிக்கக் குடும்பம். சின்ன வயதிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் அங்கே நடத்திய தேநீர்க் கடை ஓவியர்களும் நாடகக்காரர்களும் வந்து உட்காரும் இடமாக இருந்தது. அங்கே வந்துபோன பிளாண்டிங் ஸ்லோன் என்கிற அச்சோவியர், பொம்மலாட்டக்காரர், பையனின் கையைக் கண்டுகொண்டார். பத்து வயதைத் தாண்டுவதற்குள் பையனின் செதுக்கோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பத்திரிகைகளில் பேசப்பட்டன. தாய் இறந்தபின் ஸ்லோன் குடும்பமே அவரை வளர்த்தது. அவருடைய வாழ்க்கையில் பெயர் முன்னால் நின்று வேலை பின்னால் வந்த காலம் இந்தக் குழந்தைப் பருவம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேதைக் குழந்தைக்குப் பெயர் உண்டு, தொழிலாளிக்குக் கிடையாது.

1939 வாக்கில் டிஸ்னி நிறுவனத்தின் மாதிரிகள் செய்யும் பிரிவில் சேர்ந்தார். 'பினோக்கியோ', 'பாம்பி' படங்களுக்காக மூட்டுகள் அசையும் உருவங்களைச் செய்தார். வரைகிறவர்கள் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, காலை மடக்கி, கழுத்தைத் திருப்பி வைத்து வரைவார்கள். திரையில் நாம் பார்க்கும் மான் குட்டி ஒரு கோட்டோவியம். அந்தக் கோட்டுக்கு முந்தியது ஒரு பொருள். பொருள் திரைக்கு வருவதில்லை. சாங்கின் தொழில் வாழ்க்கை முழுவதற்கும் இதுதான் தொடக்கக் குறிப்பு என்று சொல்லிவிட ஆசைதான், ஆனால் அப்படிச் சொல்வது பின்னாலிருந்து முன்னால் படிக்கிற சோம்பேறித்தனம். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது நல்ல வேலை, அவ்வளவுதான்.

1940-இல் இளம்பிள்ளை வாதம். பிழைத்தார், கால்கள் போயின. மீதி வாழ்நாள் முழுவதும் இரும்புப் பட்டைகளோடும் ஊன்றுகோலோடும். இந்த இடத்தில் எல்லோரும் 'ஊனத்தை வென்ற உறுதி' என்று ஒரு பத்தி எழுதுவார்கள். நான் எழுதப் போவதில்லை. கிளெனெல்லா டெய்லர் என்கிற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். வெள்ளையரும் ஆசியரும் மணந்துகொள்வதைக் கலிபோர்னியாவின் சட்டம் தடுத்தது; 1948-இல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்யும்வரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. ஆகவே டெக்சாஸுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டு — நம் பேச்சில் சொன்னால் — திரும்பி வந்தார்கள். சட்டம் ஒன்றை அனுமதிக்காதபோது வேறொரு வழியாகப் போய் அதையே செய்துவிட்டு வருவது என்கிற இந்த முறை, பின்னால் அவருடைய வேலையிலும் வரப்போகிறது, அங்கே அதன் பலன் வேறு மாதிரி.

ஸ்லோனோடு சேர்ந்து நடத்திய சிறிய படநிறுவனத்தில் 1947-இல் 'தி வே ஆஃப் பீஸ்' என்கிற பொம்மைப் படத்துக்கு வேலை செய்தார். லூதரன் திருச்சபைக்காக எடுக்கப்பட்டது, எழுதி இயக்கியவர் ஃபிராங்க் டாஷ்லின். மனித குலம் பகைமையில் புரண்டு கடைசியில் அணுவால் அழிவதுதான் கதை. ஹிரோஷிமா முடிந்து இரண்டே வருஷம். 2014-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தச் சின்னப் படம் சேர்க்கப்பட்டது. 1960-இல் வந்த 'தி டைம் மெஷின்' படத்தில் லண்டன் மாநகரத்தின் மேல் எரிமலைக் குழம்பு வழிந்தோடுகிறதே, அதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். கதைப்படி அது 1966-இல் நடக்கும் அணுகுண்டுத் தாக்குதலின் விளைவு. குழம்பாக ஓடியது வண்ணம் கலந்த ஓட்ஸ் கஞ்சி. சிரிக்கத் தோன்றும். ஆனால் பனிப்போர்க் காலத்து அமெரிக்காவில் ஊர் அழிவதை மக்கள் கண்ணால் பார்த்தது இப்படிச் சில பேர் பட்டறை மேசையில் கஞ்சி கிளறி ஊற்றியதால்தான். அந்தப் படத்தின் விசேஷக் காட்சிகளைச் செய்தது 'பிராஜெக்ட் அன்லிமிடெட்' என்கிற நிறுவனம். பங்காளிகள் மூன்று பேர்: ஜீன் வாரன், டிம் பார், வா சாங். ஆஸ்கர் விருது கிடைத்தது. மேடையில் வாசிக்கப்பட்ட பெயர்கள் இரண்டு. மூன்றாவது பெயர் சாங்குடையது.

பங்காளிகள் வஞ்சித்தார்கள் என்று இதை வாசிப்பதற்கு என்னிடம் ஆதாரமில்லை, அப்படி வாசிக்க விருப்பமும் இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அதே காலத்தில் அவர் கையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த பொருள்களின் வகை. 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்தில் சயாம் அரண்மனையில் ஆடப்படும் நாட்டியத்துக்கான முகமூடிகள் அவர் செய்தவை. 'கிளியோபாட்ரா' (1963) படத்தில் எலிசபெத் டெய்லர் அணிந்த தலைக்கிரீடம் அவருடையது. ஹாலிவுட் கற்பனை செய்த கீழைத்தேயத்தை ஒரு சீன வம்சாவளிக் கலைஞர் தன் கையால் செய்து கொடுத்திருக்கிறார். எட்வர்ட் சய்தைப் படித்துவிட்டு வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு உடனே நாக்கு ஊறும். முகமூடியின் மடிப்புக்குள் ஏதாவது எதிர்ப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடுவோம். நானும் தேடினேன். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. நல்ல முகமூடிகள், வேலை சுத்தம். கலைஞன் விளிம்பிலிருந்து வந்தான் என்பதற்காக அவன் செய்ததிலெல்லாம் கலகத்தைக் கண்டெடுப்பது, அவனுக்கு இன்னொரு சீருடை மாட்டிவிடுகிற வேலை.

இனி 'ஸ்டார் ட்ரெக்'. கட்டுரையின் கனம் இங்கேதான் இருக்கிறது. கையில் வைத்துத் திறந்தால் கிரிக்கெனச் சத்தமிடும் கம்யூனிகேட்டர், தோளில் தொங்கும் ட்ரைகார்டர், உப்பை உறிஞ்சும் பிராணி, கோர்ன் என்கிற பல்லி மனிதன், ரோமுலன் போர்க்கப்பலின் மினியேச்சர், பேலோக்கின் முகம், ட்ரிபிள் என்கிற மயிர்ப்பந்துகள் — எல்லாம் சாங். ஸ்டுடியோ அவரை வைத்துப் பொருள் செய்வது தெரிந்ததும் ப்ராப்பர்ட்டி செய்கிறவர்களின் தொழிற்சங்கம் குறுக்கே நின்றது. அவர் உறுப்பினர் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டுடியோ கேட்டது, சங்கம் சேர்க்கவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏற்கனவே இருக்கிற ஒரு பொருளைக் கடையில் போய் வாங்குவதற்கு ஸ்டுடியோவுக்குத் தடை கிடையாது. ஆகவே யாரும் கேட்காமலே, தன்போக்கில், சாங் தன் பட்டறையில் சில விநோதப் பொருள்களைச் செய்து வைத்திருந்தார். தற்செயலாக அந்தப் பக்கம் போன தேசிலு ஸ்டுடியோக்காரர்கள் அவற்றைப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் இப்படி. தொடரின் தயாரிப்பில் இருந்த ஹெர்பர்ட் சோலோவும் ராபர்ட் ஜஸ்ட்மனும் 1996-இல் எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லிவிட்டார்கள். கடையில் வாங்கிய நாற்காலிக்கு யாரும் டைட்டில் கார்டு போடுவதில்லை. சாங்குக்கும் போடவில்லை.

முழுத் தொடரிலும் அசலான அறிவியல் புனைவு இந்த விற்பனைச் சீட்டில் எழுதப்பட்டதுதான் என்பேன். சரக்கு சந்தையில் வந்து நிற்கும்போது அதைச் செய்த உழைப்பு கண்ணுக்கு மறைந்துபோகிறது, பொருள்களுக்கு இடையிலான உறவு மட்டும் தெரிகிறது என்று மார்க்ஸ் சொன்னார். அது ஒரு பொதுவான நிகழ்வு, யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. இங்கே நடந்தது வேறு. கூலி உழைப்பைச் சரக்கு விற்பனை மாதிரி வேஷம் போடவைக்கிறார்கள். உழைப்பு நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், சங்கத்துக்கும்கூடத் தெரிந்திருக்கும், தாளில் மட்டும் அது தெரியக்கூடாது. ப்ராப்பர்ட்டி என்று நம்மூர் சினிமாக்காரர்களும் சொல்கிற அந்தச் சொல்லுக்கு உடைமை என்று இன்னொரு அர்த்தம் இருப்பது இங்கே தற்செயலாகப் படவில்லை.

என்னைப் போன்ற இடதுசாரிச் சாய்வுள்ளவனுக்குத் தொண்டையில் மாட்டுகிற முள் இதுதான்: பெயரை மறித்தது முதலாளி மட்டும் இல்லை. முதலாளி இரண்டு கையாலும் வேலையை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார், மலிவாக. மறித்தது தொழிலாளர் அமைப்பு. சங்கத்தின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. வெளியாளைக் கூப்பிட்டு வேலையை முடித்துக்கொள்ள விட்டால் உள்ளே இருப்பவன் வயிற்றில் ஈரத்துணி. 1941 மே மாதம் டிஸ்னி ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவர்களின் மனக்குறைகளில் ஒன்றே திரையில் பெயர் வராததுதான். பெயருக்காகப் போராடி வளர்ந்தது ஹாலிவுட் தொழிற்சங்க இயக்கம். ஆனால் எல்லைக்கோடு போட்டு உள்ளிருப்பவனைக் காக்கிற எந்த அமைப்பும் கோட்டுக்கு வெளியே ஒருவனை நிறுத்தித்தான் ஆகிறது. அவனை உள்ளே எடுத்தால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்க உள்ளிருந்து ஒரு குரல் வரவேண்டும். வந்ததாக எந்தப் பதிவையும் நான் பார்க்கவில்லை.

பொருள்களுக்கு வருவோம். கம்யூனிகேட்டரின் நடுவில் ஒரு வட்டம், அதில் அலையலையாக ஒரு கோலம் சுழலும். கோடுகள் அச்சிட்ட இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது கண்ணுக்குத் தட்டும் அலை அது. சுழற்றுவது உள்ளே வைத்த ஸ்டாப்வாட்சின் இயந்திரம். இருபத்துமூன்றாம் நூற்றாண்டு, சாவி கொடுத்த கடிகாரத்தில் ஓடுகிறது. ட்ரைகார்டர் தோள்வார் போட்ட கறுப்புப் பெட்டி, அறுபதுகளில் வானொலி நிருபர்கள் தூக்கித் திரிந்த டேப் ரெக்கார்டருக்கு ஒன்றுவிட்ட தம்பி. எதிர்காலம் என்பதற்குச் சுட்டப்படும் பொருள் ஒன்றும் கிடையாது. ஆகவே எதிர்காலத்தைக் குறிக்கும் குறி, பார்வையாளரின் கைக்குப் பழக்கமான அசைவிலிருந்துதான் உருவாக வேண்டும். சாங் கண்டுபிடித்தது கருவியை இல்லை, கையசைவை. மணிக்கட்டைச் சுண்டித் திறக்கிற அந்த ஒரே அசைவு. 1996-இல் மோட்டோரோலா நிறுவனம் மடக்கும் செல்போனுக்கு 'ஸ்டார்டாக்' என்று பெயர் வைத்து விற்றபோது அதே அசைவைக் கோடிக்கணக்கான பேர் செய்யத் தொடங்கினார்கள்.

'தி மேன் ட்ராப்' (1966) அத்தியாயத்தில் உப்புக்காக மனிதரைக் கொல்லும் பிராணி ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொரு உருவமாகத் தெரியும். பழைய காதலியாக, இளம்பெண்ணாக, பழகிய நண்பராக. தன் இனத்தில் மிஞ்சிய கடைசி உயிர். சாங் செய்த உருவம் முடிவில் கொஞ்ச நேரம்தான் வருகிறது. தொங்கிய தோல், நரைத்த சிக்கு மயிர், வட்டமாய்த் திறந்த வாய், விரல்களில் உறிஞ்சிகள். அருவருப்பாக மட்டும் செய்திருக்கலாம், கதைக்கு அது போதும். அவரோ கண்களைக் குழிக்குள் ஆழமாக வைத்து, புருவ மேட்டை வெளிப்புறமாகச் சரித்து, அழப்போகிற கிழவியின் முகத்தைக் கொண்டுவந்துவிட்டார். திரைக்கதையில் வசனமாகச் சொல்லப்படும் இரக்கத்தைவிட அந்தச் சரிவு அதிகம் பேசுகிறது. 'அரீனா' (1967) அத்தியாயத்தின் கோர்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. ரப்பர் உடுப்பு, நடையில் ஆமை வேகம். எனக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் கதையின் முடிவில் கப்பல் தலைவர் கர்க் அதைக் கொல்ல மறுக்கிறாரே, அந்த மறுப்பு நம்பத்தகுந்ததாக இருப்பது, முகபாவமே இல்லாத, பாப்பா இல்லாத பட்டைதீட்டிய அந்தக் கண்களால். அதில் பகையையும் படிக்க முடியாது, கெஞ்சலையும் படிக்க முடியாது. படிக்க முடியாத ஒன்றைக் கொல்லாமல் விடுவதுதான் அங்கே நடக்கிறது.

பேலோக் இன்னும் விசேஷம். 'தி கார்போமைட் மனூவர்' (1966) கதையில் கப்பலை அழித்துவிடுவேன் என்று மிரட்டுகிற அந்தப் பயங்கர முகம், கடைசியில் பார்த்தால் கதைக்குள்ளேயே ஒரு பொம்மை. உண்மையான பேலோக் குழந்தை உருவம்கொண்ட ஒரு சின்ன ஆள். தன் முகத்துக்கு யாரும் பயப்படமாட்டார்கள் என்று பொம்மையை முன்னால் நிறுத்தியிருக்கிறான். தொடர் முழுவதிலும் சாங்கின் பொம்மை பொம்மையாகவே நடிக்கும் இடம் இதுதான். இதை யாரோ செய்திருக்கிறார்கள் என்று பிரதி தன் வாயால் ஒப்புக்கொள்ளும் தருணம். ஒப்புக்கொண்டு, செய்தவன் வேறொரு குட்டி ஆள் என்று கதை சொல்லி, அதையும் மூடிவிடுகிறது. அப்புறம் வாராவாரம் அந்த முகத்தின்மேல் நிர்வாகியின் பெயர்.

இந்தத் தொடரைக் கொண்டாடுகிறவர்கள் தவறாமல் சொல்வது, கப்பலின் தளத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணும் ஓர் ஆசியரும் அதிகாரிகளாக அமர்ந்திருந்தார்கள் என்பது. உண்மைதான். சூலூவாக நடித்த ஜார்ஜ் டக்கே ஜப்பானிய அமெரிக்கர், சிறுவயதில் யுத்தகால முகாம்களில் அடைபட்டிருந்தவர். அவர் முகம் திரையில் தெரிந்தது பெரிய விஷயம். ஆனால் பிரதிநிதித்துவம் என்று நாம் பேசும்போது எப்போதும் திரையில் தெரியும் முகங்களைத்தான் எண்ணுகிறோம். அந்த மேசைக்கு இந்தப் பக்கம், கையில் உளியும் பசையும் வைத்துக்கொண்டிருந்த இன்னொரு ஆசியர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவரைச் சேர்த்தால் கொண்டாட்டத்தின் கணக்கு கொஞ்சம் இடிக்கும்.

இப்போது அவர் பெயர் நன்றாகவே தெரியும். ரசிகர்கள் துருவித் துருவிக் கண்டெடுத்துவிட்டார்கள். ஏலக்கூடங்களின் விவரணைகளிலும் அச்சாகிறது. இதில் முழுச் சந்தோஷம் எனக்கில்லை. இயந்திரப் பிரதியாக்கத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் உதிர்கிறது என்று வால்டர் பெஞ்சமின் 1936-இல் எழுதினார். தொலைக்காட்சிக்காகச் செய்த ரப்பர் தலைக்கு ஒளிவட்டமே கிடையாது. படப்பிடிப்பு முடிந்தால் மூலையில் கிடந்து மட்கும். அது அபூர்வப் பொருளாகி விலை ஏறும்போது ஒளிவட்டம் பின்தேதியிட்டு வந்து சேர்கிறது, அதற்குச் சாட்சிக் கையெழுத்தாகச் செய்தவரின் பெயர் தேவைப்படுகிறது. ஃபூக்கோ சொன்ன ஆசிரியச் செயல்பாடு என்பது இதுதான், விலைச்சீட்டோடு. வேலை நடந்தபோது தொந்தரவாக இருந்த பெயர், விற்கும்போது லாபம்.

அதற்காகப் பெயரே வேண்டாம் என்று போய்விட முடியுமா? நம் சங்கத் தொகுப்பாளர்களுக்குப் பாடியவர் பெயர் தெரியாதபோது பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார் என்பது அப்படி வந்ததுதான். செய்தவரைச் செய்த பொருளின் பெயரால் கூப்பிடுவது. நபரை வழிபடுவதும் இல்லை, நபரை விழுங்குவதும் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஏற்பாட்டை இங்கே ஒட்டவைக்க முடியாது, தெரியும். ஆனால் பெயர் தெரியவில்லை என்பதை ஒரு குறையாக உணர்ந்து, அந்த இடத்தை வெறுமனே விடாமல் ஏதோ ஒன்றைப் போட்டு வைக்கத் தோன்றியதே, அந்த உணர்வு தேசிலுவின் கணக்குப் புத்தகத்தில் இல்லை.

சாங் 1970 வாக்கில் கார்மெல் பள்ளத்தாக்குக்குக் குடிபோனார். டைனோசர்களைப் பற்றிப் பள்ளிக்கூடங்களுக்கான ஒரு பொம்மையசைவுப் படம் எடுத்தார். அப்புறம் நீர்நாய், பறவை என்று வெண்கலச் சிற்பங்கள். மான்டெரே நகரப் பூங்காவில் அவர் செய்து நிறுத்திய 'டென்னிஸ் தி மெனஸ்' சிறுவனின் சிலையை 2006-இல் யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 2003 டிசம்பர் 22 அன்று, 86 வயதில் இறந்துவிட்டார். அந்தச் சிற்பங்களை நான் படங்களில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நேர்த்தியானவை, கொஞ்சம் அடக்கமானவை. உப்புப் பிராணியின் புருவச் சரிவுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. காட்சிக்கூடத்தில் பெயரோடு நிற்கிற கலை, பட்டறையிலிருந்து பெயரில்லாமல் போனதைவிட ஒருபடி கீழாக எனக்குப் படுகிறது. இது என் கட்டுரைக்குச் சாதகமான முடிவு இல்லை. இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

ட்ரிபிள்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1967 டிசம்பரில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் கப்பல் முழுக்க நிரம்பி வழியும் மயிர்ப்பந்துகள். வடிவம் சாங்குடையது என்று இப்போது எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். ஆனால் உட்கார்ந்து 500 பந்துகளைத் தைத்தவர் ஜாக்குலின் குமேரே என்கிற பெண். கூலி 350 டாலர், ஆக ஒன்றுக்கு 70 சென்ட். கதாசிரியர் டேவிட் ஜெரால்ட் அந்த அத்தியாயத்தைப் பற்றி 1973-இல் தனிப் புத்தகமே எழுதினார். அவர் மாதிரி ஆட்கள் எழுதி வைத்ததால் இந்தப் பெயர் நம் கைக்கு வந்தது.

என் எம்.ஏ. ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், நூலகர், பெற்றோர், இரண்டு நண்பர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடையில் அதைத் தட்டச்சு செய்த அக்கா, மூன்றாம் இயலில் நான் தப்பாகப் போட்டிருந்த மேற்கோள் எண்களை அவராகவே சரிபார்த்துத் திருத்தினார், சந்திப்பிழை முழுவதையும் நீக்கினார். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.